சுட்ட பிறகு ஊறவைப்பதா, ஊறவைத்துச் சுடுவதா? கரியில் இரும்பேற்ற இரண்டு வழிகள்

ஆக்டிவேட்டட் கார்பனில், அதாவது நுண்துளைகள் நிறைந்த கரியில், இரும்பை ஏற்றிவிட்டால் அது அழுக்கை உறிஞ்சுவதோடு நிற்காமல் வினையூக்கியாகவும் வேலை செய்யும். சாயத் தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு இந்தக் கரியைப் போட்டால், இரும்பு பெராக்சைடை உடைத்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற வீரியமான துணுக்கை உண்டாக்கும். அது சாய மூலக்கூறைச் சிதைக்கும். ஓசூர், பர்கூர் பக்கம் கழிவுநீரோடு மல்லுக்கட்டும் சின்ன யூனிட்டுகளுக்கு ஆகக்கூடிய சரக்குதான். செய்ய இரண்டு வழி இருக்கிறது. தயாரான கரியை வாங்கி, இரும்பு உப்புக் கரைசலில் நனைத்து, காயவைத்து, மறுபடி சூடாக்கலாம். இல்லையென்றால் தேங்காய்த் தொட்டியையோ மாங்கொட்டை ஓட்டையோ முதலிலேயே ஃபெரிக் குளோரைடில் ஊறவைத்து, ஒரே சூட்டில் கரியும் இரும்புமாக எடுக்கலாம்.

என் ஓட்டு முதல் வழிக்கு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களை மயக்குவது இரண்டாவதுதான். நீராவி விட்டுக் கரி தயாரிக்க 800 முதல் 900 டிகிரி வேண்டும், அப்புறம் இரும்புக்காக இன்னொரு சூடு. சேர்த்தே சுட்டால் 600, 700 டிகிரியில் ஒரே தடவையில் முடிந்துவிடும். ஃபெரிக் குளோரைடே கரியில் துளைகளைத் திறந்துவிடும். இரும்பில் ஒரு பங்கு மேக்னடைட்டாக, அதாவது காந்தத்தில் ஒட்டும் ஆக்சைடாக, மாறுவதால் வேலை முடிந்ததும் கரியைக் காந்தத்தால் இழுத்து எடுக்கலாம்.

சிக்கல் அடுப்பில் ஆரம்பிக்கிறது. குளோரைடு சூடாகும்போது ஹைட்ரோகுளோரிக் அமில வாயு கிளம்பும். சாதா இரும்பு உலையை அரித்துத் தின்றுவிடும், புகைபோக்கியில் வாயுவைக் காரக் கரைசலால் கழுவும் ஸ்க்ரப்பர் இல்லாமல் பக்கத்தில் நிற்க முடியாது. அடுத்தது, உள்ளே போன இரும்பில் கொஞ்சம் கரிச்சுவருக்குள்ளேயே புதைந்துபோகும். எடையில் இருக்கும், வேலையில் இருக்காது. சூட்டை 700-க்கு மேல் ஏற்றினால் இரும்பு ஆக்சைடு கரியையே பிடுங்கிக்கொண்டு உலோகமாக மாறும், விளைச்சல் குறையும். ஒரே சட்டியில் சோறும் குழம்பும் வைக்கிற கதைதான்: துளைக்குத் தோதான சூடு இரும்புக்குத் தோதாக இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சுட்ட பிறகு ஏற்றும் வழியில் இந்த இரண்டையும் தனித்தனியாகத் திருத்தலாம். முதலில் 100 கிராம் உலர்ந்த கரி எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று பார்க்க வேண்டும். 60 மில்லி குடித்தால் உப்புக் கரைசலும் சரியாக 60 மில்லிதான். அந்த 100 கிராமுக்கு 5 கிராம் இரும்பு வேண்டுமானால், கடையில் கிடைக்கும் ஆறு நீர் மூலக்கூறு கொண்ட ஃபெரிக் குளோரைடு சுமார் 24 கிராம் பிடிக்கும். மொத்தத்தையும் கரி குடித்துவிடும், அடியில் ஒரு சொட்டு நிற்காது.

பலரும் கோட்டைவிடுவது காயவைப்பதில். அவசரப்பட்டு நேராக 150 டிகிரி ஓவனில் வைத்தால், ஆவியாகும் தண்ணீர் துளைகள் வழியே இரும்பையும் வெளியே இழுத்து வந்துவிடும். அப்படிக் காய்ந்த ஒரு கரிமணியைப் பிளேடால் வெட்டி லென்ஸில் பாருங்கள்: விளிம்பில் துருநிறத்தில் மெல்லிய வளையம், நடுவில் வெறும் கறுப்பு. விரலால் தேய்த்தால் செம்பழுப்புப் பொடி ஒட்டும். அந்தப் பொடி முதல் கழுவலிலேயே போய்விடும். நிழலில் ஒரு ராத்திரி விட்டு, பிறகு 60, அப்புறம் 105 டிகிரி என்று படிப்படியாக ஏற்றினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

இந்த வழியிலும் குளோரைடு மறுசூட்டில் அமில வாயுவைக் கிளப்பும். அதற்குப் பதில் ஃபெரிக் நைட்ரேட் போட்டால் அந்த வாயு வராது, நைட்ரஜன் ஆக்சைடு புகைதான் வரும். அதோடு நைட்ரேட்டும் கரியும் சேர்ந்தால் தீப்பிடிக்கிற கூட்டு. நைட்ரஜன் ஓட்டத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும். புதுக் கைகளிடம் கொடுக்க நான் யோசிப்பேன்.

மூலப்பொருளில் எனக்குக் குழப்பம் இல்லை. போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் தோப்புத் தொட்டி அடர்த்தியானது. அதன் கரி மணி மணியாக நிற்கும், குழாயில் அடைத்துத் தண்ணீர் விட்டாலும் நொறுங்காது. கிருஷ்ணகிரி கூழ் ஆலைகளில் சீசனில் சல்லிசாகக் கிடைக்கும் பெங்களூரா மாங்கொட்டை ஆசை காட்டும். ஆனால் நாரைச் சீவி, உடைத்து, பருப்பை எடுத்து, ஓட்டை மட்டும் காயவைக்க வேண்டும். பருப்போடு குவித்தால் நாலு நாளில் நாறிவிடும். ஓடும் லேசானது, கரி பொடியாகத்தான் வரும். பொடியைக் காந்தத்தால் எடுப்பதென்றால் பரவாயில்லை, சேர்த்தே சுடும் வழிக்கு மாங்கொட்டை பொருந்தும். புளியம் ஓட்டுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

தருமபுரிக்காரர்கள் அடுத்து நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடைப் பற்றிக் கேட்பார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதானே. இந்த இரும்புக் கரி அதற்கல்ல. ஃபுளோரைடைச் சிதைக்க முடியாது, பிடித்துத்தான் வைக்க வேண்டும். அதற்கு அலுமினியமோ சிர்கோனியமோ ஏற்றிய கரி வேறு சரக்கு. மருந்து ஆலைகள் வாங்கும் பல்லேடியம் கரியும் வேறு உலகம். அங்கே தீர்ந்த கரியை எரித்து உலோகத்தை மீட்பதால்தான் கட்டுப்படியாகிறது.

எந்த வழியானாலும் அயோடின் எண்ணை (கரி எவ்வளவு அயோடினை உறிஞ்சுகிறது என்ற அளவை) வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அது துளையைச் சொல்லும், இரும்பு வேலை செய்கிறதா என்று சொல்லாது. இரும்பேற்றாத அதே கரியையும் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். அதிலும் நிறம் அதே அளவு போனால் நடந்தது வெறும் உறிஞ்சல்தான். பி.எச். 3 அளவில் இந்த வினை நன்றாக ஓடும், இரும்பு கரைந்து ஓடுவதும் அங்கேதான். வடிநீரில் இரும்பை அளந்துவிட்டு, அதே கரியை ஐந்தாவது தடவை போடும்போது என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும்.

சூடு, இரும்பின் அளவு, நேரம் என்று மூன்றை மாற்றிப் பார்க்க, ஒவ்வொன்றிலும் மூன்று நிலை வைத்தால் 27 சோதனை ஆகும். சோதனை எண்ணிக்கையைக் குறைக்கும் பாக்ஸ்-பென்கன் என்ற புள்ளியியல் முறையில், நடுப்புள்ளியை (மூன்றும் நடு நிலையில் இருக்கும் சோதனையை) மூன்று தடவை செய்தும் 15-ல் முடிந்துவிடும். விளைவுக் கட்டத்தில் முதல் தடவை போன நிறத்தை எழுதாமல் ஐந்தாவது தடவை போன நிறத்தை எழுதுங்கள்; நல்ல சூடு என்று வரைபடம் காட்டும் இடமே தள்ளிப்போகலாம்.