இரண்டாம் சுற்றில் எது நிற்கிறது: பெரிய டிராமா சீரிஸ்களோடு நெடுநாள் பழக்கம்

கதை முடிவுகள் தாராளமாகப் பேசப்படுகின்றன. 'தி வயர்', 'சோப்ரானோஸ்', 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.

மும்பையில் தமிழ் பேசும் சீரிஸ் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால், செம்பூர் ஸ்டேஷன் வாசலோ டோம்பிவிலி ஃபாஸ்ட் ரயிலோ, பேச்சு சீக்கிரமே 'அந்த சீசன் சொதப்பல்' என்ற இடத்துக்கு வந்துவிடும். எந்த சீசன் என்பதில்தான் அடிதடி. முதல் தடவை பார்த்த சூட்டில் நடக்கிற இந்த வாதங்களில் பாதி, அதே சீரிஸை சில வருஷம் கழித்துத் திரும்பப் பார்த்தால் செல்லாமல் போகிறது. திட்டு வாங்கிய பகுதிகள் பல நிமிர்ந்து நிற்கின்றன. கைதட்டல் வாங்கிய சில எபிசோடுகள் காற்றுப்போன பலூன்மாதிரி சுருங்கிக் கிடக்கின்றன. சறுக்கல்களுக்கும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற காரணம் உண்டு: எபிசோடு எண்ணிக்கை, பட்ஜெட், நடிகர் மரணம், கைவசம் இருந்த நாவல் தீர்ந்துபோனது.

முதலில் 'தி வயர்'. 2002 முதல் 2008 வரை, ஐந்து சீசன், 60 எபிசோடு. இரண்டாவது சீசனில் ஆளை விடு என்று ஓடியவர்கள் ஏராளம். முதல் சீசனில் போதைமருந்துக் கும்பலையும் போலீசையும் பழகிவிட்டு உட்கார்ந்தால், திடீரென்று பால்டிமோர் துறைமுகம், கன்டெய்னர், போலந்து வம்சாவளித் தொழிற்சங்கத் தலைவர் ஃபிராங்க் சோபோட்கா. ஏமாற்றம் இயல்புதான். ஆனால் மும்பைக்காரருக்கு இந்த சீசன் வேறு யாரையும்விட நன்றாகப் புரிய வேண்டும். சோபோட்கா கடத்தல்காரர்களிடம் காசு வாங்குவது தனக்காக இல்லை. கால்வாயைத் தூர்வார வேண்டும், தானியக் கப்பல்துறையை மறுபடி திறக்க வேண்டும் என்று அரசியல்வாதிகளைக் கவனிப்பதற்காக. கடைசியில் அந்தக் கப்பல்துறை இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வருகிறது. 1982 மில் வேலைநிறுத்தத்துக்கு அப்புறம் பரேலில் என்ன நடந்தது, புகைபோக்கி நின்ற இடத்தில் இன்று எந்த மால் நிற்கிறது என்று தெரிந்தவர், இந்த 12 எபிசோடுகளைத் தாவிவிட்டு மூன்றாவது சீசனுக்குப் போகலாம் என்று யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. தாவினால் நஷ்டம் வேறு: கிரேக்கன் என்ற ஆசாமியின் சரக்குச் சங்கிலி இங்கேதான் அறிமுகம். கடைசி சீசனில் அது திரும்ப வரும்போது தலையும் வாலும் புரியாது.

நான்காவது சீசன் உச்சம் என்பதில் சண்டையே கிடையாது. பள்ளிக்கூடத்தை எழுதிய எட் பர்ன்ஸ் முன்பு போலீஸ்காரர், பிறகு ஆசிரியர். அந்த வகுப்பறைக் காட்சிகளில் நாற்காலி நகர்கிற சத்தம்கூடப் பொய் சொல்லாது. ஐந்தாவதுதான் உண்மையான இறக்கம். போலீஸ்காரர் மெக்நல்டி ஒரு தொடர்கொலைகாரனை இட்டுக்கட்டுகிற கதை, இந்த சீரிஸ் நான்கு சீசனாகக் கட்டிக் காத்த நிதானத்துக்கு ஒத்துவரவில்லை. மற்ற சீசன்களுக்கு 12 அல்லது 13 எபிசோடு, இதற்குப் பத்து. பொய் வளர்ந்து நகரம் முழுக்கப் பரவ அந்த இடம் போதவில்லை. பத்திரிகை அலுவலகப் பகுதியும் தட்டையாக இருக்கிறது. சீரிஸை உருவாக்கிய டேவிட் சைமன் 'பால்டிமோர் சன்' நிருபராக இருந்தவர். தெரிந்த இடம் என்பதாலோ என்னவோ, அங்கே மட்டும் நல்லவர் நல்லவராகவே, கெட்டவர் கெட்டவராகவே இருக்கிறார்கள். கடைசி இரண்டு எபிசோடு மட்டும் பழைய தரத்துக்கு ஏறிவிடுகிறது.

இன்னொன்று. 'தி வயர்' 4:3 என்ற, கிட்டத்தட்ட சதுரமான சட்டகத்துக்காக எடுக்கப்பட்டது. 2014-இல் 16:9 அகலத்துக்கு மாற்றி மறுபதிப்பு செய்தார்கள். ஸ்ட்ரீமிங்கில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். படம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் இரண்டு பேர் நெருக்கி நிற்கிற காட்சிகளில் பக்கவாட்டில் வெற்றிடம் விழுந்து அழுத்தம் கொஞ்சம் குறைகிறது. பழைய டிவிடி கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம்.

'சோப்ரானோஸ்' 1999-இல் தொடங்கி 2007-இல் முடிந்தது, 86 எபிசோடு. இதன் மிக மோசமான சில நிமிடங்களுக்குக் காரணம் எழுத்து கிடையாது. கதையின் மாஃபியா தலைவன் டோனியின் அம்மா லிவியாவாக நடித்த நான்சி மார்ச்சண்ட் 2000-இல் காலமானார். மூன்றாவது சீசனில் அவருக்கு ஒரு கடைசிக் காட்சி வேண்டுமென்று, பழைய காட்சிகளில் இருந்து முகத்தை எடுத்து வேறொருவர் உடலில் ஒட்டினார்கள். அன்றைய டிவியிலேயே உறுத்தியது. இன்றைய பெரிய திரையில் பார்க்கவே முடியவில்லை. அதே சீசனில் பனிக்காட்டில் டோனியின் ஆட்கள் பாலியும் கிறிஸ்டோபரும் வழி தவறுகிற எபிசோடு இருக்கிறது. ஸ்டீவ் புஷெமி இயக்கியது. தப்பி ஓடிய ரஷ்யன் என்ன ஆனான் என்று கடைசிவரை சொல்லவில்லை என்பது பழைய புகார். இரண்டாம் முறை பார்க்கும்போது அந்த ரஷ்யனைப் பற்றிக் கேட்கத் தோன்றுவதில்லை. காரில் உட்கார்ந்து கெட்ச்அப் பாக்கெட்டைப் பிய்த்துச் சாப்பிடும் இரண்டு பேரில்தான் கண் நிற்கிறது. நான்காவது சீசனில் கொலம்பஸ் தினப் போராட்டம் பற்றிய எபிசோடைத் தயங்காமல் தாண்டலாம். அந்த சீசனின் கடைசி எபிசோடைத் தாண்டவே கூடாது: டோனியும் மனைவி கார்மெலாவும் வீட்டுக்குள் போடுகிற அந்தச் சண்டை, இந்த மொத்த வகையிலேயே நடிப்பின் உச்சங்களில் ஒன்று.

முடிவுக் காட்சிக்கு ஒரு நடைமுறை எச்சரிக்கை. உணவகத்தில் திரை சட்டென்று கறுப்பாகிறது. ஏறத்தாழ பத்து விநாடி சத்தமே இல்லாத இருட்டுக்குப் பிறகுதான் பெயர்கள் ஓடும். 2007-இல் அமெரிக்காவில் கேபிள் போய்விட்டது என்று நினைத்தவர்கள் நிறைய. இப்போதைய தொல்லை வேறு மாதிரி: 'அடுத்து பார்க்க' என்று ஆப் ஒரு பெட்டியைத் தூக்கிப் போட்டால் அந்த இருட்டு பாழ். இதை ஆரம்பிக்கும் முன்பே ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். நெட்ஃபிளிக்ஸில் ப்ரொஃபைலுக்குள் போய் பிளேபேக் அமைப்பில் அடுத்த எபிசோடு தானாக ஓடும் தேர்வை நீக்கினால் போதும்; மற்ற ஆப்களிலும் அமைப்புகளில் தேடிப் பாருங்கள். 'மேட் மென்' சீரிஸுக்கும் இது அவசியம். அங்கே பல எபிசோடுகளின் கடைசிப் பாட்டும் கதையின் ஒரு வரிதான்.

'பிரேக்கிங் பேட்' ரசிகர்களிடம் ஈ எபிசோடு பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் கூட்டம் இரண்டாகும். மூன்றாவது சீசனின் பத்தாவது எபிசோடு: ஆய்வகத்துக்குள் புகுந்த ஒரு ஈயை, அங்கே போதைமருந்து காய்ச்சும் வால்ட்டரும் ஜெஸ்ஸியும் துரத்துகிறார்கள், அவ்வளவுதான். பணம் கையைக் கடித்ததால் ஒரே செட்டில், இரண்டு நடிகர்களோடு முடித்தார்கள். ரசிகர் மதிப்பெண்ணில் மொத்தம் 62 எபிசோடில் அடிமட்டத்தில் இருப்பது இதுதான். உச்சியில் இருப்பது ஐந்தாவது சீசனின் 'ஓசிமாண்டியாஸ்'. இரண்டையும் இயக்கியவர் ஒருவரே, ரியன் ஜான்சன். முதல் முறை பார்க்கிறவருக்கு ஜெஸ்ஸியின் காதலி ஜேன் எப்படிச் செத்தாள் என்பதை வால்ட்டர் உளறிவிடுவாரோ என்ற பயம் கொஞ்சம்தான் இருக்கும், ஏனென்றால் கவனம் ஈயில் இருக்கும். அடுத்த முறை கவனம் ஏணியில் நிற்கும் ஜெஸ்ஸியிடமும் தூக்கக் கலக்கத்தில் பேசும் வால்ட்டரிடமும் போகும். அப்போது 47 நிமிடமும் நெஞ்சைப் பிடிக்கும். முதல் சீசனுக்கு ஏழே எபிசோடு என்பதற்கும் காரணம் 2007-08 எழுத்தாளர் வேலைநிறுத்தம். அதனால் கதைக்கு நல்லதே நடந்தது. அவசரமாக வளராமல் மெல்ல ஏறுகிறது.

சரி, எல்லாரும் காத்திருக்கிற இடத்துக்கு வருவோம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முதல் ஆறு சீசனுக்கும் தலா பத்து எபிசோடு. ஏழாவதுக்கு ஏழு, எட்டாவதுக்கு ஆறு. இந்த மூன்று எண்ணும் சொல்லாத விஷயம் அதிகமில்லை. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதி வெளியான ஐந்து நாவல்களும் ஐந்தாவது, ஆறாவது சீசனோடு கரைந்துவிட்டன. அதன் பிறகு கதாபாத்திரங்கள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக வழியில் எபிசோடே ஆகவில்லை. டிராகன் ராணி டெனேரிஸ் நகரத்தை எரிக்கிற முடிவுக்கும் அதேபோல் நடந்து வர வழி கிடைக்கவில்லை. முடிவு தவறு என்பவர்களோடு ஒத்துப்போக முடியாது. முடிவு சரி, அதுவரை வரும் படிகள் நாலைந்து காணோம். எட்டாவது சீசனை மறுபடி எழுதச் சொல்லி 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணையத்தில் கையெழுத்திட்டார்கள். ஐந்தாவது சீசனின் டோர்ன் பகுதிக்கு அப்படி ஒரு மனு போட்டிருந்தால் அதில் நியாயம் இன்னும் அதிகம்.

எட்டாவது சீசனின் மூன்றாவது எபிசோடு, 82 நிமிட இருட்டுப் போர். அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒளிபரப்பு. நமக்குத் திங்கள் காலை 6:30. 2019 ஏப்ரல் 29 அன்று மும்பையில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு வேறு, விடுமுறை. ஜன்னல் வழியே ஏப்ரல் வெயில் உள்ளே கொட்டுகிற நேரத்தில், கண்ணுக்குத் தெரியாத இருட்டை உற்றுப் பார்த்துவிட்டு ஓட்டுப் போடப் போனார்கள். 'ஒண்ணுமே தெரியலை' என்ற புகாரில் ஒளிப்பதிவுக்கு ஒரு பங்கு, ஸ்ட்ரீமிங் சுருக்கத்துக்கு ஒரு பங்கு, நம் ஹால் டியூப்லைட்டுக்கு ஒரு பங்கு. இன்று பார்க்கிறவர்கள் செய்ய வேண்டியவை இவை. படத்தை ஃபிலிம்மேக்கர் மோடிலோ சினிமா மோடிலோ வைக்கவும். மின்சேமிப்பையும் அறை வெளிச்சத்துக்கேற்பத் திரையை மங்கச் செய்யும் சென்சாரையும் அணைக்கவும். தெரியவில்லையென்று 'பிரைட்னஸ்' அமைப்பைக் கூட்டினால் கறுப்பு சாம்பலாகி, புகைக்குள் கட்டம் கட்டமாகத் தெரியும். கூட்ட வேண்டியது 'பேக்லைட்' அல்லது ஓஎல்இடி வெளிச்சம். நடுத்தர வெளிச்சத்தின் அளவை மாற்றும் காமா அமைப்பு பகலில் 2.2, விளக்கணைத்த இரவில் 2.4. 4கே ஓட நெட்ஃபிளிக்ஸ் கேட்கிற வேகம் 15 எம்பிபிஎஸ், 1080-க்கு 5. மாலை எட்டு மணிக்கு மொத்தக் கட்டடமும் வைஃபையில் தொங்கும்போது ஆப் சத்தமில்லாமல் தரத்தைக் குறைக்கும், இருட்டுக் காட்சிதான் முதலில் அடிபடும். அசைவை மழமழவென்று ஆக்கும் ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ வகையறாவை எந்த சீரிஸுக்குமே வைக்காதீர்கள். 24 ஃபிரேமில் எடுத்தது மெகாசீரியல் மாதிரி ஆகிவிடும்.

லோக்கல் ரயிலில் போனில் பார்ப்பவர்களுக்கு ஒரு சோதனை: நெட்ஃபிளிக்ஸ் ஆப் அமைப்பில் 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' என்ற இடத்தில் வைட்வைன் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) எல்1 என்று இருக்க வேண்டும். எல்3 என்றால் எவ்வளவு கட்டினாலும் எச்டி வராது. 'சக்ஸெஷன்' மாதிரி வாய்ப்பேச்சு சீரிஸ் அப்படியும் தாங்கும். அது 39 எபிசோடு, மூன்றாவது சீசன் ஒரே இடத்தில் சுற்றுகிறது. நான்காவதில் அப்பா மரணச் செய்தி போனில் வரும் எபிசோடுக்கு மட்டும் வீடு வந்து சேரும்வரை பொறுங்கள்.

சப்டைட்டிலில் காது கேளாதோருக்கான வகையைத் தேர்ந்தெடுத்தால், திரைக்கு வெளியே பேசுபவரின் பெயர் முன்கூட்டியே வந்துவிடும். மர்மக் கதைக்கு அது ஆகாது. அதே சமயம் பால்டிமோர் உச்சரிப்புக்கு ஆங்கில சப்டைட்டில் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். வசனம் அமுங்கிக் கேட்டால் ஆடியோவில் 5.1-க்குப் பதில் ஸ்டீரியோவை எடுக்கவும். டிவி ஸ்பீக்கர் மட்டும் உள்ள வீடுகளில் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

இந்திய சீரிஸ்களுக்கு வருவோம். 'சேக்ரட் கேம்ஸ்' 2018-இல் எட்டு எபிசோடு, 2019-இல் எட்டு. முதல் சீசனில் தாதா கைதொண்டேயின் குரல் நகரத்தைச் சொல்லிக்கொண்டே போகும். இரண்டாவதில் குருஜி ஆசிரமத்துக்குள் கதை போய் உட்கார்ந்ததும் மும்பை காணாமல் போகிறது. நகரம்தான் இதன் முதல் கதாபாத்திரம் என்பதால் சரிவு அங்கே தொடங்குகிறது. குண்டு செயலிழந்ததா இல்லையா என்று சொல்லாத முடிவு மேல் கோபப்படுபவர்கள், அதற்கு முந்தைய மூன்று எபிசோடுகளை மன்னித்துவிடுவதுதான் ஆச்சரியம்.

'ஸ்கேம் 1992' பத்து எபிசோடு. பாதியில் நூல் விட்டுப்போகிறது என்று சொல்பவர்கள் இரண்டு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொண்டால் போதும். ரெடி ஃபார்வர்டு என்பது, அரசுப் பத்திரத்தை விற்று, சில நாளில் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்குவதாக ஒப்புக்கொள்வது. பெயர் விற்பனை, காரியம் குறுகிய காலக் கடன். பேங்க் ரசீது என்பது அந்தப் பத்திரத்துக்குப் பதிலாகக் கை மாறும் துண்டுச் சீட்டு. பத்திரமே இல்லாமல் சீட்டு மட்டும் அச்சாகத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதுதான் மொத்தக் கதை. இது புரிந்தவருக்கு, எஸ்.பி.ஐ. கணக்கில் 500 கோடி இடிக்கிற இடம் சண்டைக் காட்சி மாதிரி ஓடும். கடைசி மூன்று எபிசோடின் வேகம் குறைவுதான். வழக்கும் விசாரணையும் அப்படித்தான் ஊரும்.

'தி ஃபேமிலி மேன்' இரண்டாவது சீசன் 2021-இல் வந்தபோது ஈழத் தமிழர் சித்தரிப்பை எதிர்த்துத் தமிழ்நாட்டு அரசே மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. அந்த எதிர்ப்பில் உள்ள நியாயம் இன்னும் செல்லும். ஈழப் போராளி ராஜிக்குக் கொடுத்த வலியை அவளுடைய இயக்கத்துக்குக் கதை கொடுக்கவில்லை. ஆனால் தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு இதை வாதிடாதீர்கள். மூல ஒலித்தடத்தில் தமிழர்கள் தமிழிலேயே பேசுகிறார்கள், கதாநாயகன் ஸ்ரீகாந்துக்கு அது முழுசாகப் புரியாது. எல்லாரும் தமிழ் பேசும் தடத்தில் அந்தத் தூரம் அழிந்துவிடுகிறது. சென்னை அதிகாரி முத்துப்பாண்டியன் மொழிபெயர்க்கிற நகைச்சுவையும் கூடவே போய்விடும். 'பாதாள் லோக்' இரண்டாவது சீசனுக்கும் இதே விதி. நாகாலாந்தில் டெல்லி போலீஸ்காரர் ஹாத்திராமுக்குப் புரியாத நாகாமிஸ் மொழி நமக்கும் புரியாமல் காதில் விழ வேண்டும், சப்டைட்டில் மட்டும் துணைக்கு இருக்கட்டும்.