செக் நாட்டுச் சுற்றுலா: ஆறு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கொடுத்து வாசலோடு திரும்பிய கதை

குளியல் நகரங்கள், சினிமா, பீர், வரலாறு ஆகிய நான்கையும் ஒரே பயணத்தில் காட்டுவதாகச் சொல்லும் செக் குடியரசுச் சுற்றுலா ஒன்றுக்காக, கோவையில் உள்ள ஒரு தனியார் சுற்றுலா ஏற்பாட்டு நிறுவனத்திடம் நானும் என் மனைவியும் ஆறு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கட்டினோம். ஊர் திரும்பி இன்னும் பெட்டிகளைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. கோபம் ஆறிவிட்டால் நாகரிகம் கருதிப் பாதியை விழுங்கிவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கும்படி வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார், தவிர்க்கிறேன்.

பணத்தை எடுத்து நீட்ட வைத்தது அந்த உரிமையாளரின் மேசையில் நடந்த பேச்சு. அவருடைய கண்ணாடி அலமாரியில், கைப்பிடியே உறிஞ்சுகுழலாகவும் அமைந்த ஒரு பீங்கான் குவளை இருந்தது. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன குளியல் நகரமான கார்லோவி வாரியில் ஊற்று நீரை அதில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே குடிப்பார்கள் என்று எடுத்துக் காட்டினார். நான் பல ஆண்டுகளாகத் திரைப்படச் சங்கத்தில் இருப்பவன் என்று தெரிந்ததும், இயக்குநர் மிலோஷ் ஃபோர்மன் மோட்சார்ட்டைப் பற்றிய 'அமேடியஸ்' படத்தை பிராகில் எடுத்ததையும், 1787இல் மோட்சார்ட்டின் 'டான் ஜியோவானி' இசை நாடகம் முதன்முதலாக அரங்கேறிய அதே எஸ்டேட்ஸ் தியேட்டரில் அதன் காட்சிகள் படமானதையும் அவரே எடுத்துச் சொன்னார். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு என்றபோது, நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நீங்க எதுக்குங்கண்ணா கவலப்படறீங்க? அக்காவோட முட்டிவலிக்குன்னே இருக்கற ஊருங்க அது. டாக்டர் பார்த்து எழுதிக் குடுத்து, வெந்நீர்க் குளியல், சேத்துக்கட்டு எல்லாம் பண்ணித்தான் அனுப்புவாங்க. நானே கூட வர்றேனுங்க" என்றார். அந்த 'நானே கூட வர்றேனுங்க' என்ற பேச்சுக்குத்தான் முன்பணம் கைமாறியது. புறப்படுகிற அன்று விமான நிலையத்தில் நின்றவர் அவருடைய அலுவலக இளைஞர் ஒருவர். ஐரோப்பாவுக்கு அவரும் முதல் முறையாக வருகிறார் என்பது பிராகில் இறங்கி, பேருந்து நிற்கும் இடத்தை அவர் எங்களிடமே விசாரித்தபோது தெரிந்தது.

பயணத் திட்டத்தில் கார்லோவி வாரியில் தங்கல், மருத்துவ ஆலோசனை, குளியல் சிகிச்சை என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். எங்களைத் தங்க வைத்ததோ பில்சன் நகருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு விடுதியில். அங்கிருந்து கார்லோவி வாரி ஏறத்தாழ 80 கிலோமீட்டர். காலையில் கிளம்பிப் பதினொரு மணிக்கு அங்கே இறக்கிவிட்டு, ஒரு மணிக்குப் பேருந்துக்கு வந்துவிட வேண்டும் என்றார்கள். பத்துப் பன்னிரண்டு ஊற்றுகளின் நீரை, எதை எப்போது எவ்வளவு குடிப்பது என்று மருத்துவர் எழுதித் தர, வாரக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறுகிற ஊர் அது. அங்கே எங்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மருத்துவரும் இல்லை, குளியலும் இல்லை. யோசெஃப் சீடெக் கட்டி 1881இல் முடித்த மில் கொலனேட் என்ற தூண் மண்டபத்தின் கல்தூண்களுக்கு நடுவே எங்களை நிறுத்தி, ஆளுக்கொரு மெல்லிய பிளாஸ்டிக் டம்ளரை அந்த இளைஞர் நீட்டினார். ஊற்று நீரின் சூட்டில் மனைவியின் கையிலிருந்த டம்ளர் குழைந்து உள்ளே மடிந்து, உப்பும் இரும்பும் கலந்த வாடையுள்ள தண்ணீர் புடவையில் கொட்டியது. "இதுதாங்க ட்ரீட்மென்ட்" என்றார் அந்தப் பிள்ளை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லி அனுப்பியது அவ்வளவுதான். பக்கத்திலேயே 73 பாகை வெப்பத்தில் 12 மீட்டர் உயரம் வரை பீறிடும் விரீட்லோ ஊற்று இருக்கிறது. அதைப் பார்க்கப் போவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

அன்று மதியமே மரியான்ஸ்கே லாஸ்னே. அங்கே 1889இல் எழுப்பிய வார்ப்பிரும்புக் கொலனேடின் முன்னால் 'பாடும் நீரூற்று' இருக்கிறது. பருவ காலத்தில் காலை ஏழு மணி தொடங்கி ஒற்றைப்படை மணிதோறும் இசைக்கு ஏற்ப நீர் ஆடும். விளம்பரத் தாளின் அட்டையில் பெரிதாகப் போட்டிருந்த படமே அதுதான். இரண்டு மணிக்குச் சற்றுப் பிந்தி இறக்கிவிட்டு, மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் எங்களை வண்டியில் ஏற்றினார்கள். இன்னும் பத்தே நிமிடம் பொறுங்கள், நீரூற்றுக்குச் சுற்றிலும் மக்கள் கூடி நிற்கிறார்கள் பாருங்கள் என்று குழுவில் எல்லோரும் கெஞ்சினோம். ஓட்டுநருக்கு வேலை நேரம் முடிகிறது என்று பதில். மூன்றாவது குளியல் நகரமான ஃபிரான்டிஷ்கோவி லாஸ்னேயை, நேரமில்லை என்று அடியோடு விட்டுவிட்டார்கள். இந்த மூன்று ஊர்களும் ஐரோப்பாவின் மற்ற எட்டுக் குளியல் நகரங்களோடு சேர்ந்து 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றவை என்று விளம்பரத் தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

சினிமாவின் கதை இதைவிட மோசம். 1946இல் தொடங்கிய கார்லோவி வாரி திரைப்பட விழா வழக்கமாக ஜூலை மாதத்தின் முற்பாதியிலேயே முடிந்துவிடும். பொதுமக்களும் நாள் பாஸ் எடுத்துப் படம் பார்க்கக்கூடிய விழா அது. திட்டத்தில் 'விழா நகரில் சினிமா அனுபவம், ஜூலை' என்று எழுதியிருந்தார்கள். எங்களை அழைத்துப்போனதும் ஜூலைதான், ஆனால் விழா முடிந்த பிறகு. விழாவின் மையமான ஹோட்டல் தெர்மல் கட்டடத்தைப் பேருந்துச் சன்னலிலிருந்து காட்டினார்கள். 2006இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'கசினோ ராயல்' படத்தில் மான்டெனெக்ரோ விடுதியாகத் தோன்றும் கிராண்ட்ஹோட்டல் பூப்பில் தேநீர் என்று அச்சிட்டிருந்ததற்கு, அதன் முன்னால் ஒரு குழுப் படம் எடுத்தார்கள். பிராகில் பாராண்டோவ் ஸ்டூடியோ என்று போட்டிருந்தது. 1930களின் தொடக்கத்தில் ஹாவெல் சகோதரர்கள் உருவாக்கிய, செக் சினிமாவின் தாய்வீடான அந்த ஸ்டூடியோவை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. எஸ்டேட்ஸ் தியேட்டரைத் தெருவிலிருந்து பார்த்தோம். ஆறு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர்.

பில்சனில் நடந்தது எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். ஊர்ப் பீரின் தரம் கெட்டுப்போனதால் 1838இல் பீப்பாய் பீப்பாயாக அதைத் தெருவில் கொட்டிவிட்டு, புதிய ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசெஃப் குரோல் என்ற வடிப்பாளரை வரவழைத்த ஊர் அது. 1842 அக்டோபரில் அவர் காய்ச்சிய பொன்னிறப் பீர்தான் இன்று உலகெங்கும் 'பில்ஸ்னர்' என்று வழங்கும் எல்லாவற்றுக்கும் மூலம். அந்த ஆலையின் நிலவறைகளுக்குள் இறங்கி, ஓக் பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்துத் தரும் வடிகட்டாத பீரைக் குடிப்பதுதான் அங்குள்ள சுற்றிக்காட்டலின் சிகரம். அதற்கு மொழிவாரியாக நேரம் ஒதுக்கியிருப்பார்கள். எங்களுக்கு முன்பதிவே செய்யப்படவில்லை. ஆலையின் பொன்விழாவையொட்டி 1892இல் எழுப்பிய புகழ்பெற்ற நுழைவாயிலின் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பிறகு சாலையோர உணவகம் ஒன்றில் ஆளுக்கு அரை லிட்டர் பீர் வாங்கிக் கொடுத்து, 'பீர் அனுபவம்' என்று எழுதிய சான்றிதழ் ஒன்றையும் கையில் திணித்தார்கள். அதை கோவையிலேயே அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

வரலாற்றுக்கு ஒதுக்கிய நாளில், நாஜி உயரதிகாரி ஹெய்ட்ரிக்கைத் தாக்கிய செக்கோஸ்லோவாக்கியப் படைவீரர்கள் 1942 ஜூனில் கடைசிவரை போராடி மடிந்த ரெஸ்லோவா தெருத் தேவாலயத்துக்குப் போனோம். அதன் நிலவறை நினைவிடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நாங்கள் போனது திங்கட்கிழமை. இதற்கு நடுவே, கட்டணத்தில் அடக்கம் என்று எழுதிக் கொடுத்த நுழைவுச்சீட்டுகளுக்காக ஆளுக்குத் தொண்ணூறு யூரோ தனியாக வசூலித்தார்கள். ரசீது கேட்டால் ஊருக்குப் போய்த் தருகிறோம் என்றார்கள்.

ஊருக்கு வந்ததும் முதலில் மாறியது அழைக்கும் முறை. 'அண்ணா'வாக இருந்த நான் 'சார்' ஆனேன். "எதுன்னாலும் ஆபீசுல பேசிக்குங்க சார்" என்று உரிமையாளர் தொலைபேசியை வைத்துவிட்டார். ஆபீசில் இருந்த பெண், மேலாளர் வெளியூர் போயிருக்கிறார் என்றார். மேலாளர் வந்ததும், தவறு பிராகில் உள்ள உள்ளூர்ப் பயண ஏற்பாட்டாளருடையது, அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறோம் என்றார். அந்த மின்னஞ்சலைக் காட்டுங்கள் என்றேன். அது உள் விவகாரம் என்றார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் 'திட்டம் மாற்றத்துக்கு உட்பட்டது' என்று இருப்பதைப் பென்சிலால் சுழித்துக் காட்டினார். நீரூற்று, பீர் ஆலை, சிகிச்சை, திரைப்பட விழா, ஸ்டூடியோ என எல்லாமே மாறிவிட்டால் மாறாமல் மிஞ்சியது என் பணம் மட்டும்தானே என்று கேட்டேன். "நீங்க எல்லாப் போட்டோலயும் சிரிச்சுட்டுத்தானே சார் இருக்கறீங்க?" என்றார். கடைசியில், அடுத்த பாலித் தீவுப் பயணத்தில் கழித்துக்கொள்ளப் பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு வவுச்சர் நீட்டினார்கள். ஆறு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் வாங்கியவர்கள் கொடுக்கும் இழப்பீடு, மறுபடியும் அவர்களிடமே பணம் கட்டினால்தான் கிடைக்கும். நான் வாங்க மறுத்த அன்று மாலையே பயணக் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பீர் ஆலைக்கும் குளியல் சிகிச்சைக்கும் தேதியும் நேரமும் உள்ள முன்பதிவுச் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் இறுதித் தவணையைக் கட்டாதீர்கள். தங்கும் விடுதியின் பெயரையும் ஊரையும் எழுத்தில் கேளுங்கள். அங்கே நாணயம் கொருனா. வழியில் யூரோ கேட்டால் அங்கேயே ரசீது வாங்குங்கள். குழுவிலிருந்து நீக்குவதற்குள் வாட்ஸ்அப் உரையாடல்களைப் படமெடுத்து வையுங்கள். நான் எடுத்து வைத்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்திருந்தால் கட்டணமே இல்லை, என்னைப் போல அதற்கு மேல் பத்து லட்சத்துக்குள் கொடுத்தவர்களுக்கு இருநூறு ரூபாய்.

அதே நிறுவனம் அடுத்த குழுவுக்கு விளம்பரம் போட்டிருக்கிறது. அதில் பில்சன் ஆலை வாசலில் நாங்கள் நிற்கும் படம். அதை எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், எடுக்கவில்லை. காவிப் புடவையில் ஓர் அம்மாவும், கறுப்புத் தொப்பியில் ஒரு வயதானவரும் வலது ஓரத்தில் நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்து முன்பணம் கட்டியவர்கள் யாரேனும் இருந்தால், அந்த வாசலைத் தாண்டி உள்ளே போவதற்கான முன்பதிவு எண்ணை நாளைக்கே கேட்டு வாங்குங்கள்.