உலுவாத்து கெச்சாக் நடனத்துக்கு ‘முன்வரிசை இருக்கை’ என்று சாலையோரக் கடையில் பணம் கட்டாதீர்கள்

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குக் குடும்பத்தோடு செல்லவிருப்பவர்கள், குறிப்பாக வயதானவர்களை அழைத்துக்கொண்டு உலுவாத்து கடலோரக் கோயிலில் இராமாயணக் கதையை ஆடும் கெச்சாக் நடனம் பார்க்க நினைப்பவர்கள், யாரிடமும் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்ற ஆகஸ்ட் மாதம் நானும் என் கணவரும் என் மாமியாரும் அந்த நிகழ்ச்சிக்காகக் கூட்டா பகுதியில் ஒரு சாலையோரச் சுற்றுலாக் கடையில் 18 லட்சம் ரூபியா கட்டினோம். எங்கள் கணக்கில் ஏறத்தாழ 9,500 ரூபாய். கோயில் வாசலில் அந்தக் கடையின் ரசீது செல்லவே இல்லை.

அந்த நிகழ்ச்சியில் நாங்கள் ஏன் அவ்வளவு ஆசை வைத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். அத்தைக்கு வயது 69. அவர் பிறந்து வளர்ந்தது வைத்தீசுவரன் கோயிலில். சடாயுவுக்கு இராமன் எரியூட்டிய இடம் என்று அந்தக் கோயிலுக்குள் சடாயு குண்டத்தைக் காட்டுவார்கள். புள்ளிருக்குவேளூர் என்ற ஊரின் பழைய பெயரில் முதலில் நிற்கும் ‘புள்’ சடாயுதான் என்று சொல்லிக் கேட்டே வளர்ந்தவர் அவர். கடல் கடந்த ஒரு தீவில், ஒவ்வொரு மாலையும் இராமாயணத்தை ஆடுகிறார்கள், சீதையை மீட்கப் பாய்ந்து வரும் பறவையும் அதில் உண்டு என்று என் கணவர் சொன்ன நாளிலிருந்து, பாலி என்றாலே அத்தைக்கு அந்த ஒரு காட்சிதான். கடற்கரையும் கடைத்தெருவும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

கடையில் இருந்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். அத்தைக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கெச்சாக் என்பது ஆயிரம் ஆண்டுகளாகக் கோயிலுக்குள் நடந்துவரும் வழிபாடு என்றும், அதனால் கோயில் கவுண்ட்டரில் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமே டிக்கெட் கொடுப்பார்கள் என்றும், வெளிநாட்டவர்கள் முகவர் வழியாகத்தான் வர முடியும் என்றும் அவர் விளக்கினார். லேமினேட் செய்த ஒரு படத்தை எடுத்து வைத்து, நெருப்புக்கு நேர் எதிரே இருந்த முன்வரிசையில் விரலை வைத்து, “அம்மாவுக்கு இந்த இடம்” என்றார். பிறகு ஒரு தாளில் கணக்கு எழுதினார். ஒருவருக்கு விஐபி இருக்கை 3 லட்சம், கோயில் நுழைவு 1 லட்சம், சுற்றுலா வரி 1,50,000, சாரோங் (கோயிலுக்குள் போக லுங்கிபோல் கட்டும் துணி) 50,000, ஆக மொத்தம் 6 லட்சம் ரூபியா. போக வர ஏசி கார் இலவசம். நாங்கள் மூவருக்கும் முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுத்தோம். அவர் ரசீதில் ஒரு முத்திரை குத்தினார். முத்திரையின் மை கலைந்து கடையின் பெயர் பாதிக்கு மேல் படிக்க முடியாமல் இருந்ததை நான் அப்போதே பார்த்தேன், பார்த்தும் கேட்கவில்லை.

அந்தத் தாளில் இருந்த நான்கு வரிகளில் ஒன்றுகூட நேர்மையானதில்லை. நாங்கள் சென்ற அன்று நடன டிக்கெட்டின் அச்சிட்ட விலை 1,50,000 ரூபியா. கோயில் நுழைவு அப்போது பெரியவர் ஒருவருக்கு 50,000. சாரோங்கும் இடுப்புத் துணியும் நுழைவுக் கட்டணத்திலேயே அடங்கும், வாசலிலேயே கட்டிவிடுகிறார்கள். சுற்றுலா வரி என்பது 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் பாலி மாகாண அரசு வாங்கும் 1,50,000 ரூபியா. ஒரு பயணத்துக்கு ஒரு முறை கட்டினால் போதும். ‘லவ் பாலி’ என்ற அரசின் இணையதளத்திலேயே கட்டிவிடலாம். நாங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே கட்டியிருந்தோம். ஆயினும் சரியான தொகையைச் சொல்லி, உண்மையில் இருக்கும் ஒரு வரியின் பெயரையும் சொன்னதால், கோயிலுக்கென்று அது தனியாக இருக்குமோ என்று எண்ணி ஏமாந்தோம். பொய்யோடு ஓர் உண்மையைச் சேர்த்துச் சொல்பவரிடம் ஏமாறுவது எவ்வளவு எளிது என்பது அந்தத் தாளைத் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் உறைக்கிறது.

ஆயிரம் ஆண்டு வழிபாடு என்பதும் அப்படிப்பட்ட கலப்புதான். கோயில் பழமையானது, 11ஆம் நூற்றாண்டில் எம்பு குதுரான் என்ற முனிவரால் எழுப்பப்பட்டது என்றும், பின்னாளில் நிரார்த்தா என்ற துறவி அங்கேதான் முக்தியடைந்தார் என்றும் பாலி மக்கள் நம்புகிறார்கள். கெச்சாக் அப்படியல்ல. சங்யாங் என்ற பழைய அருளாட்டச் சடங்கில் ஆண்கள் எழுப்பும் குரலோசையை எடுத்து, இராமாயணக் கதையோடு இணைத்து, 1930களில் பாலிக் கலைஞர்களும் அங்கே வாழ்ந்த ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஸ்பீஸும் சேர்ந்து, பார்வையாளர்களுக்காகவே உருவாக்கிய வடிவம் அது. உலுவாத்தில் அது கோயில் கருவறைப் பக்கம் நடப்பதில்லை. மலை முகட்டில், படிப்படியாக இருக்கை கட்டிய திறந்தவெளி வட்ட அரங்கில் நடக்கிறது. டிக்கெட் வாங்க வெளிநாட்டவர் உள்ளூர்க்காரர் என்ற பாகுபாடு எதுவும் கிடையாது. இவ்வளவு தெரிந்திருந்தால் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வந்திருப்போம்.

மாலை 3:30 மணிக்கு வருவதாகச் சொன்ன கார் 4:50க்கு வந்தது. கூட்டாவிலிருந்து உலுவாத்து 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆனால் ஜிம்பரான் வழியாகச் செல்லும் அந்தச் சாலையில் மாலை நேரத்தில் வண்டிகள் ஊர்ந்துதான் போகின்றன. நிகழ்ச்சி 6 மணிக்குத் தொடங்கும். சூரியன் கடலில் இறங்கும் நேரத்தோடு அது பொருந்தி வருவதுதான் அந்த இடத்தின் சிறப்பு. தாமதம் என்றால் இழப்பது வெறும் தொடக்கத்தை மட்டுமல்ல. 6 மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாகன நிறுத்தத்தை அடைந்தோம். ஓட்டுநர் எங்களை நேரே வாசலுக்கு அழைத்துச் செல்லாமல், ஓரமாக இருந்த ஒரு கடைக்கு அழைத்துப்போய், சாரோங் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்றார். ரசீதில் சாரோங் என்று எழுதியிருப்பதைக் காட்டினோம். அது வேறு சாரோங் என்றார். நேரமில்லை என்பதால் மூன்றுக்கும் 1,50,000 கொடுத்தோம். வாசலைத் தாண்டும்போதுதான், எங்களுக்கு முன்னால் சென்ற குடும்பத்துக்குக் கோயில் பணியாளர் ஒருவர் காசு வாங்காமல் துணி கட்டிவிட்டுக்கொண்டிருந்ததைக் கண்டோம்.

நுழைவுச் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் இருந்த பெண் எங்கள் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்களுடையது இல்லை, இங்கே விஐபி இருக்கை என்று எதுவும் கிடையாது என்று பொறுமையாகச் சொன்னார். ஓட்டுநருக்கு அழைத்தோம், எடுக்கவில்லை. கடைக்காரருக்கு அழைத்தோம், எடுத்தவர், உள்ளே போங்கள், எங்கள் ஆள் வருவார் என்று சொல்லித் துண்டித்தார். நுழைவுக் கட்டணம் 1,50,000 கட்டிவிட்டு மலை விளிம்பை ஒட்டிய பாதையில் அத்தையைக் கைப்பிடித்து வேகமாக அழைத்துச் சென்றோம். முழங்கால் வலிக்காரர். ஏறத்தாழ 70 மீட்டர் கீழே அலை மோதும் ஓசை கேட்கிறது; நின்று பார்க்க நேரமில்லை.

அந்தப் பாதையில்தான் குரங்கு அத்தையின் மூக்குக் கண்ணாடியைப் பறித்தது. உலுவாத்துக் குரங்குகள் இதற்குப் பெயர் பெற்றவை. பறித்ததைத் தின்பண்டத்துக்கு மாற்றிக்கொள்கின்றன என்பதும், மனிதர்கள் எதை அதிகம் மதிக்கிறார்கள் என்று அறிந்தே பறிக்கின்றன என்பதும் 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. வழக்கமாக அங்கே போய்வரும் எந்த ஓட்டுநருக்கும் இது தெரியும். எங்கள் ஓட்டுநர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்தச் சீருடையும் அணியாத ஒருவர் எங்கிருந்தோ வந்து, ஒரு பழத்தைக் கொடுத்துக் கண்ணாடியை வாங்கித் தந்து, 1 லட்சம் கேட்டார். 50,000 கொடுத்தோம். கண்ணாடியின் ஒரு கால் கடிபட்டு வளைந்திருந்தது.

அரங்க வாசலில் டிக்கெட் தீர்ந்துவிட்டது என்றார்கள். உள்ளேயிருந்து ‘சக் சக் சக்’ என்ற ஓசை எழும்பத் தொடங்கிவிட்டது. அங்கே நின்ற ஒருவர், 1,50,000 என்று அச்சிட்ட டிக்கெட்டுகளைத் தலைக்கு 2,50,000க்கு விற்றார். அந்த ஓசையைக் கேட்டு அத்தையின் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு, வேண்டாம் திரும்பிவிடலாம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. கொடுத்துவிட்டு உள்ளே போனோம். டிக்கெட்டில் இருக்கை எண் எதுவும் இல்லை. முன்னால் வந்தவர்கள் நல்ல இடத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான். கடைசிப் படிக்குப் பின்னால், நின்றுகொண்டிருந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் எங்களுக்கு இடம் கிடைத்தது.

கெச்சாக்கில் இசைக்கருவி எதுவும் கிடையாது. இடுப்பில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி கட்டிய ஆண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து, குரலாலேயே தாளமும் காற்றும் போரும் எழுப்புகிறார்கள். அந்தக் கலைஞர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. காதால் கேட்ட அளவிலேயே உடல் சிலிர்த்தது. ஆனால் அத்தை ஐந்தடிக்கும் குறைவான உயரம். அவர் கண்ணுக்கு எதிரே தெரிந்தது, ஒருவருடைய முதுகுப்பையும், தூக்கிப் பிடித்த கைப்பேசித் திரைகளும்தான். என் கணவர் எட்டி எட்டிப் பார்த்து, இப்போது பொன்மான் வந்திருக்கிறது, இப்போது இராவணன் கிழவன் வேடத்தில் வந்திருக்கிறான் என்று காதோடு சொல்லிக்கொண்டிருந்தார். இறகு விரித்த பறவை வந்து, போரிட்டு, வீழ்ந்த காட்சியை நான்கூட இரண்டு தலைகளுக்கு நடுவே சில கணங்கள்தான் கண்டேன். கூட்டம் கைதட்டியபோது அத்தை என் கையைத் தொட்டு, “சடாயு வந்துட்டுப் போயிடுச்சாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்வதற்கு எனக்கு நா எழவில்லை.

பிறகு படியில் அமர்ந்திருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி திரும்பிப் பார்த்து, தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அத்தைக்கு இடம் கொடுத்தார். அனுமனைச் சுற்றி நெருப்பு மூட்டி, அவன் அதை உதைத்துச் சிதறடிக்கும் காட்சியை மட்டும் அவர் உட்கார்ந்து பார்த்தார்.

7 மணிக்கு மேல் வெளியே வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அதுவரை அழைப்பை எடுக்காத ஓட்டுநர் அப்போது சரியாக வந்து நின்று, காத்திருந்ததற்கும் வண்டி நிறுத்தியதற்கும் 3 லட்சம் கொடுத்தால்தான் வண்டியை எடுப்பேன் என்றார். இதைத்தான் மிகவும் எச்சரிக்கையாகக் கவனிக்க வேண்டும் என்பேன். அந்தப் பகுதியில் செயலி வழியாக அழைக்கும் கார்கள் வந்து ஆள் ஏற்றுவதை உள்ளூர் ஓட்டுநர்கள் விடுவதில்லை. நாங்கள் முயன்றும் எந்த வண்டியும் வரவில்லை. போகும்போது இலவசம் என்றவர்கள் திரும்பும்போது விலை வைக்கத் துணிவது அதனால்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தையை வைத்துக்கொண்டு வாதாட முடியாமல் கொடுத்தோம். மொத்தம் 32 லட்சம் ரூபியா, ஏறத்தாழ 17,000 ரூபாய். நேராகப் போயிருந்தால் மூவருக்கும் நுழைவும் நடனமும் சேர்த்து 6 லட்சம். அதோடு நியாயமான கார் வாடகை.

மறுநாள் காலை கடைக்குப் போனால் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அப்படி யாரையும் தெரியாது என்றார். சுற்றுலாக் காவலரிடம் புகார் கொடுத்தோம். பணம் வாங்கியவரின் முழுப்பெயர், காரின் எண், பணம் செலுத்தியதற்கான சான்று ஆகியவற்றைக் கேட்டார்கள். எங்களிடம் மை கலைந்த ஒரு ரசீதும், இனி யாரும் எடுக்காத ஒரு கைப்பேசி எண்ணும் தவிர எதுவும் இல்லை. ஆகவே செல்பவர்கள், காரில் ஏறுவதற்கு முன் வண்டி எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போக, காத்திருக்க, திரும்ப, வண்டி நிறுத்த எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். அந்தப் பணத்தை விடுதிக்குத் திரும்பி வந்த பிறகே கொடுங்கள். நடன டிக்கெட்டைக் காரோடு சேர்த்து யாரிடமும் வாங்காதீர்கள். வயதானவர்கள் உடன் இருந்தால் 4:30 மணிக்குள் கோயிலை அடைந்து, முதல் வேலையாக டிக்கெட்டை வாங்கிவிட்டு, பிறகு நிதானமாகக் கடலைப் பாருங்கள். கண்ணாடி, தொப்பி, கைப்பேசி எல்லாவற்றையும் பைக்குள் வைத்து மூடுங்கள்.

ஊர் திரும்பும் நாளில் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அதே கடையைக் கடந்தோம். பழைய ஆளே மறுபடி உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு தாத்தா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். மேசை மேல் அதே லேமினேட் படம். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய், எங்கள் ரசீதை அந்தப் பாட்டியிடம் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் கைப்பையைத் திறந்தார். முத்திரை மை இன்னும் காயாத அதே மாதிரி ரசீது அதில் இருந்தது.