வலப்பக்கக் கடலா, இடப்பக்கக் கடலா?

கடலை ஒட்டி நிதானமாக கார் ஓட்டிப் போக எந்தச் சாலை நல்லது என்று தேட ஆரம்பித்தால், கடைசியில் கையில் மிஞ்சுவது இரண்டு பெயர்கள்தான். ஒன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள கிரேட் ஓஷன் ரோடு. இன்னொன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஓடும் ஹைவே 1, குறிப்பாக அதன் பிக் சர் பகுதி. இத்தாலியின் அமால்ஃபி கரையையும் சிலர் பட்டியலில் சேர்ப்பார்கள். அதை இப்போதே கழித்துவிடுகிறேன். நீளம் சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு வளைவில் எதிரே சுற்றுலாப் பேருந்து வந்துவிட்டால், பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு பாறைச்சுவரோடு ஒண்டி நிற்க வேண்டும். அதைப் படகிலிருந்து பார்ப்பதுதான் சுகம்.

மிச்சமிருக்கும் இரண்டில் எதற்குப் போனாலும், எந்தத் திசையில் ஓட்டுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் வண்டி இடப்பக்கம் ஓடும். கடல் தெற்கே இருக்கிறது. டார்க்கியில் தொடங்கி மேற்கு நோக்கி அலன்ஸ்ஃபோர்டு வரை போனால், வழிநெடுக நீங்கள் கடலோர லேனில் இருப்பீர்கள். கலிஃபோர்னியாவில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், கடல் மேற்கே. அங்கே வடக்கே கார்மெலில் தொடங்கித் தெற்கே சான் சிமியன் பக்கம் இறங்கினால்தான் அந்த லேன் கிடைக்கும். சாலையோரம் வண்டி ஒதுக்க இடம் தெரிந்ததும் எதிர்வரும் வண்டிகளைக் கடக்காமல் அப்படியே இறங்கி நின்றுவிடலாம். தலைகீழாகப் போகிறவர், நூறு நல்ல இடங்களை எட்டிப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போவார்.

இனி அழகு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை, பிக் சர்தான். மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது, அந்தச் சரிவின் இடுப்பில் சாலை. கார்மெலிலிருந்து சான் சிமியன் வரை ஏறக்குறைய 145 கிலோமீட்டருக்கு இதே கதைதான். 1932-ல் கட்டிய பிக்ஸ்பி பாலம் ஓடைப் பள்ளத்துக்கு மேலே சுமார் 85 மீட்டர் உயரத்தில் ஒற்றை வளைவில் நிற்கிறது. படத்தில் எல்லோரும் பார்த்ததுதான், அதனாலேயே அங்கே வண்டி நிறுத்தப் பெரும் நெரிசல். என் ஓட்டு மெக்வே அருவிக்கு. சாலையிலிருந்து சிறு நடைபாதையில் போனால், கிட்டத்தட்ட 24 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் ஒல்லியாக மணலில் விழுவது தெரியும். கீழே இறங்க அனுமதி இல்லை, அதனால் அந்த மணலில் ஒரு காலடித்தடம்கூட இருக்காது. இதில் ஒரு வேடிக்கை: 1983 வரை அங்கே மணலே கிடையாது, அருவி நேராகக் கடலில்தான் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு பெரிய நிலச்சரிவு ஒன்று வந்தது. சரிந்த மண்தான் இன்று நாம் படமெடுக்கும் கடற்கரை.

பிக் சரின் சிக்கலும் அந்த மண்தான். 2017 மே மாதம் மட் க்ரீக் என்ற இடத்தில் மலை சரிந்து, சுமார் 400 மீட்டர் சாலையை மூடிவிட்டது. திரும்பத் திறந்தது 2018 ஜூலையில். 2021 ஜனவரியில் ராட் க்ரீக்கில் சாலையின் ஒரு துண்டே கடலுக்குள் போனது. அதற்குப் பிறகும் சரிவுகள் நிற்கவில்லை. சாலை அடைபட்டால் மலையைக் குறுக்கே கடந்து உள்நாட்டுக்குப் போக ஒழுங்கான மாற்றுவழி கிடையாது. வந்த வழியே திரும்பி, 101-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்துச் சுற்ற வேண்டும். பயண நாளன்று காலையில் சாலை நிலவரத்தைப் பார்க்காமல் கிளம்பினால் பாதி நாள் போச்சு. போதாக்குறைக்குப் பெரும்பகுதியில் போன் சிக்னல் கிடைக்காது. பெட்ரோல் பங்குகளும் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

கிரேட் ஓஷன் ரோடு இந்த விஷயத்தில் சாது. லோர்னிலிருந்து டீன்ஸ் மார்ஷ் பக்கமும், ஸ்கீன்ஸ் க்ரீக்கிலிருந்து ஃபாரஸ்ட் பக்கமும் உள்ளே போகும் கிளைச்சாலைகள் இருக்கின்றன. மழை பிடித்துக்கொண்டாலோ, பின்சீட்டில் குழந்தைக்கு வயிற்றைப் புரட்டினாலோ, விலகிவிடலாம். ஊர்களும் அடுத்தடுத்து வரும். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள், இறந்துபோன தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை பாறையைக் குடைந்து போட்ட சாலை இது. ஈஸ்டர்ன் வியூவில் சாலைக்குக் குறுக்கே நிற்கும் நினைவு வளைவின் கீழ் கார் நுழையும்போது அது ஞாபகம் வந்தால் நல்லது. எல்லோரும் அதற்கடியில் செல்ஃபி எடுப்பதில்தான் குறியாக இருக்கிறார்கள். பிக் சரில் வேலை செய்தவர்களில் சான் க்வென்டின் சிறைக் கைதிகளும் உண்டு. அந்தச் சாலை திறந்தது 1937-ல்.

கிரேட் ஓஷன் ரோட்டின் மொத்த நீளம் 240 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. அதில் அப்பல்லோ பேயைத் தாண்டியதும் சாலை கடலை விட்டுவிட்டு ஓட்வே காட்டுக்குள் நுழைந்துவிடும். 'கடலைக் காணோமே' என்று இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் எதிர்க்கட்சி. மணிக்கணக்காகக் கடல் வெளிச்சத்தில் கூசிய கண்ணுக்கு அந்த இருட்டு வேண்டும். மெய்ட்ஸ் ரெஸ்ட்டில் வண்டியை நிறுத்தி மரப்பலகை நடைபாதையில் அரை மணி நேரம் நடந்தால், தலைக்கு மேலே ஆளுயரத்தைத் தாண்டிய பெரணி மரங்கள், காலடியில் ஈரப் பாசி வாசனை. காரில் ஏறும்போது கழுத்து வலி இறங்கியிருக்கும்.

அதற்கப்புறம்தான் பன்னிரு அப்போஸ்தலர்கள் என்ற, கடலுக்குள் நிற்கும் பாறைத்தூண்கள். பெயர்தான் பன்னிரண்டு, அத்தனை தூண்கள் அங்கே இருந்ததே இல்லை. 2005 ஜூலையில் ஒன்று சரிந்த பிறகு எட்டு நிற்கின்றன. முன்னொரு காலத்தில் இதற்கு 'பெண் பன்றியும் குட்டிகளும்' என்று பெயர். சுற்றுலாவுக்காகப் பெரிய மனிதர்களாக்கிவிட்டார்கள். மேலே இருக்கும் மேடையிலிருந்து பார்ப்பதைவிட, திறந்திருந்தால் கிப்சன் படிகளில் இறங்குங்கள். 86 படிகள். கீழே மணலில் நின்று நிமிர்ந்து பார்த்தால்தான் சுண்ணாம்புக் கல் அடுக்கடுக்காகப் படிந்திருப்பதும், அலை அடியை அரித்து வைத்திருப்பதும் தெரியும். சற்றுத் தள்ளி 'லண்டன் பாலம்' என்ற இரட்டை வளைவுப் பாறை இருந்தது. 1990 ஜனவரியில் கரையோடு சேர்ந்திருந்த வளைவு விழ, அந்தப் பக்கம் நின்ற இருவரை ஹெலிகாப்டர் வைத்துத்தான் மீட்டார்கள்.

கார் ஓட்டுகிறவரின் நிலைமையையும் யோசிக்க வேண்டும். பிக் சரில் அவர் கண் சாலையை விட்டு நகர முடியாது. பக்கத்து சீட்டுக்காரர்தான் "ஐயோ, அங்கே பார்" என்பார். பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டமே இருக்கிறது. ஊர்ந்து போவது தப்பில்லை, ஒதுங்காமல் ஊர்வதுதான் தப்பு. இடப்பக்கம் ஓட்டியே பழகியவருக்கு, செங்குத்துச் சரிவின் விளிம்பில் வலப்பக்கம் ஓட்டுவது முதல் நாள் பயமாகத்தான் இருக்கும்.

காலம் என்று பார்த்தால், பிக் சருக்கு செப்டம்பர், அக்டோபர். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மூடுபனி கடலையே மறைத்துவிடும். மழைக்காலத்தில் மண்சரிவு பயம். கிரேட் ஓஷன் ரோட்டுக்கு பிப்ரவரி, மார்ச்.

ஆக, இரண்டு பேர், நல்ல ஓட்டுநர், நாள் தள்ளிப்போனாலும் கவலையில்லை என்றால் பிக் சர். வயதானவர்களோ குழந்தைகளோ கூட வந்தால், நிதானம்தான் நோக்கம் என்றால், நான் ஆஸ்திரேலியாவைத்தான் சொல்வேன். ஆனால் மெல்பர்னிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டம் மட்டும் வேண்டாம். அப்பல்லோ பேயில் ஒரு இரவு, போர்ட் கேம்ப்பெல்லில் ஒரு இரவு தங்குங்கள். பகல் முழுக்க வந்து குவியும் பேருந்துகள் எதுவும் விடிகாலையில் அங்கே இருக்காது. போர்ட் கேம்ப்பெல்லிலிருந்து அந்தத் தூண்களுக்குக் கால் மணி நேரப் பயணம்தான்; சூரியன் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.