கப்பல் வேலை என்று 3,40,000 ரூபாய் கட்டினோம்: பத்தாவது, ஐடிஐ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு

இன்று காலை போய்ப் பார்த்தால் அந்த ஆபீஸ் வாசலில் "டு லெட்" பலகை தொங்குகிறது. என் தம்பிக்குக் கப்பலில் வேலை என்று சொல்லி 3,40,000 ரூபாய் வாங்கிய இடம். பெயரைப் போட்டு நாறடிக்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். புகார் கொடுத்திருக்கிற நேரத்தில் பெயர் வேண்டாம் என்று வக்கீல் தடுத்துவிட்டார். அதனால் அடையாளம் மட்டும் சொல்கிறேன். சென்னையில் பாரிமுனைப் பக்கம், மாடியில் ஒரு கன்சல்டன்சி. கண்ணாடிக் கதவில் நங்கூரப் படம். "பத்தாவது போதும், டாலரில் சம்பளம்" என்று போஸ்டர். இதே அடையாளத்தில் வேறு இடங்களும் இருக்கும். எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பாருங்கள், தப்பில்லை.

இதைப் படித்துவிட்டு "கப்பல் வேலையே ஃபிராடு" என்று யாராவது கிளம்புவீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். வேலை நிஜம். அதுதான் இவர்களுக்கு வசதி. இல்லாத வேலையைக் காட்டியிருந்தால் யார் பணம் கட்டப்போகிறார்கள்? ஜிபி ரேட்டிங் என்று, கப்பலில் அதிகாரிகளுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்கான ஒரு படிப்பு இருக்கிறது. டிகிரி கேட்க மாட்டார்கள். பத்தாவதில் மொத்தமாக 40 சதவீதம், ஆங்கிலத்தில் 40, வயது 17½ முதல் 25. டிஜி ஷிப்பிங் (கப்பல் துறையைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) அங்கீகரித்த நிலையத்தில் தங்கி 6 மாதம் படிக்க வேண்டும், கடைசியில் பரீட்சை உண்டு. பாஸானால் டெக் பக்கம் டிரெய்னி ஓஎஸ், ஓஎஸ் (கடைநிலை மாலுமி), ஏபி (தேர்ந்த மாலுமி), போசன் (டெக் மாலுமிகளின் தலைவர்) என்று ஏறலாம். எஞ்சின் பக்கம் என்றால் வைப்பர், ஆயிலர், ஃபிட்டர். ஏபி வேலைக்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வைத்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2025இல் மாதம் 673 டாலர். ஓவர்டைம், விடுப்புச் சம்பளம் எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். எங்கள் தெருவிலேயே ஒரு போசன் அண்ணன் இருக்கிறார். அவர் வீட்டைப் பார்த்துத்தான் தம்பிக்கு இந்த ஆசையே வந்தது. ஐடிஐ ஃபிட்டர் முடித்துவிட்டு ஒரு பட்டறையில் அப்ரண்டிஸ் காசுக்கு மாரடித்துக்கொண்டிருந்தவன், ஆசைப்பட்டதில் என்ன குற்றம்?

சரி, அந்த ஆபீஸுக்கு வருகிறேன். அம்மா, நான், தம்பி மூன்று பேரும் போனோம். உள்ளே வெள்ளைச் சட்டை, தோளில் நான்கு தங்கப் பட்டையோடு ஒருவர். எல்லாரும் "கேப்டன் சார்" என்றார்கள். ஏசி ரூமில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கிறவருக்கு எதற்கு யூனிஃபார்ம் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

எங்களுக்கு முன்னால் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். கேப்டன் டிராயரிலிருந்து ஒரு புத்தகம் எடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் வண்ணப் புள்ளிகளால் ஆன வட்டம், அதற்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். நிறக்குருடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. இரவில் எதிரே வரும் கப்பலின் சிவப்பு, பச்சை விளக்கைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவனை டெக்கில் நிறுத்த மாட்டார்கள் என்பது உண்மையான விதிதான். பையன் முதலில் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தான், அப்புறம் ஒரு பக்கத்தில் தடுமாறினான். கேப்டன் புத்தகத்தை மூடிவிட்டார்.

"தம்பி, உனக்கு செட் ஆகாதுப்பா. உன் காசை வாங்கினா எனக்குப் பாவம். ஊருக்குப் போய் வேற வேலை பாரு."

பையன் அழாத குறையாக எழுந்து போனான். அம்மா என் கையை அழுத்தினாள். வருகிறவனிடமெல்லாம் பிடுங்குகிற ஆள் இல்லை, தகுதி பார்த்துத்தான் எடுக்கிறார் என்று அந்த நிமிஷம் எங்களுக்குள் விழுந்துவிட்டது. அடுத்தது என் தம்பி. எல்லா எண்ணையும் கடகடவென்று படித்தான். "தம்பிக்கு சூப்பர் கண்ணு! ஆறு வாரம் டிரெய்னிங், அடுத்து கப்பல்தான். பாருங்கம்மா" என்றார் கேப்டன். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிற்பாடு பணத்தைத் திரும்பக் கேட்டு அலைந்தபோது ஒருநாள், அந்த "நிறக்குருட்டுப் பையன்" டீ ஃபிளாஸ்க்கோடு அதே மாடிப்படியில் ஏறி வந்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அங்கேயே வேலை பார்க்கிறவன்! நிராகரிப்பதற்கென்றே ஓர் ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள். இதை எழுதும்போது மறுபடி வயிறு எரிகிறது.

3,40,000 எப்படிப் போனது என்றால், டிரெய்னிங்குக்கு 1,40,000. அம்மாவின் வளையலும் செயினும் அடகுக்குப் போயின. அடுத்து "ஜாயினிங் செலவு" என்று 2,00,000. அது நான் எடுத்த சீட்டுப் பணம். முதல் தொகைக்கு ரசீது தந்தார்கள், அதிலும் "கவுன்சலிங் கட்டணம்" என்றுதான் எழுதியிருக்கிறது. இரண்டாவது தொகையை ஏதோ ஒரு தனி ஆளின் கணக்குக்குப் போனில் அனுப்பச் சொன்னார்கள். "கம்பெனி அக்கவுண்ட்ல போட்டா ஜிஎஸ்டி வரும் மேடம், உங்களுக்குத்தான் கூடுதல் செலவு" என்றாள் ரிசப்ஷன் பெண். எனக்கு நல்லது செய்கிறாளாம்.

டிரெய்னிங் லட்சணத்தைக் கேளுங்கள். ஊருக்கு வெளியே ஒரு பழைய லாட்ஜ். காலையில் ஓட்டம், தண்டால். மதியம் நைலான் கயிற்றில் முடிச்சுப் போடுவது. ஒரே ஒரு லைஃப் ஜாக்கெட், அதை ஆளுக்கொரு தடவை மாட்டி போட்டோ. தீயணைப்புப் பயிற்சி என்று டிவியில் வீடியோ போட்டார்களாம். முறையான பயிற்சியில் எரிகிற நெருப்பைப் பையன்களே அணைக்க வேண்டும், தண்ணீரில் குதித்து உயிர்காக்கும் படகில் ஏற வேண்டும். இங்கே வாளித் தண்ணீர்கூட இல்லை. ஆறு வாரம் முடிந்ததும் தங்க நிற எழுத்தில் ஒரு சான்றிதழ், மேலே அரசு முத்திரை போலவே தோன்றும் ஏதோ ஒரு சிங்கம்.

அடுத்து ஆஃபர் லெட்டர் வந்தது. கப்பல் பெயர், மும்பை கம்பெனி பெயர், லைசன்ஸ் எண், மாதம் 1,200 டாலர். அனுபவமே இல்லாத டிரெய்னிக்கு 1,200! இந்த லெட்டரைக் காட்டித்தான் அந்த 2,00,000 வாங்கினார்கள்.

அதன் பிறகு கதை ஆரம்பம். கப்பல் இன்னும் போர்ட்டுக்கு வரவில்லை. செங்கடலில் தாக்குதல் நடக்கிறது, கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருகிறது (செய்தியில் அது நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது, பேப்பரைப் பார்த்துப் பொய் சொல்கிறவர்கள் இவர்கள்). மெடிக்கல் ரிப்போர்ட் பழசாகிவிட்டது, மறுபடி எடுங்கள். கேப்டன் சார் மும்பையில் இருக்கிறார். கேப்டன் சார் மீட்டிங்கில் இருக்கிறார். கேப்டன் சாருக்கு மாமனார் தவறிவிட்டார். அந்த மாமனார் இரண்டு தடவை தவறினார் என்பதை அந்தப் பெண்ணே மறந்துவிட்டாள். தம்பி போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். நான் புது நம்பரிலிருந்து செய்தால் எடுத்து, "அக்கா, நீங்க இப்படி டென்ஷன் ஆனா தம்பி பேரைத்தான் லிஸ்ட்ல கீழ தள்ளுவாங்க" என்பார்கள். என் காசை வைத்துக்கொண்டு எனக்கே மிரட்டல்.

கடைசியாக ஒரு தூண்டில் போட்டார்கள். விசிட் விசாவில் வளைகுடா போய் அங்கிருந்து கப்பல் ஏறலாம், இன்னும் 60,000 மட்டும் கட்டுங்கள் என்று. நல்லவேளையாக அந்த வாரம்தான் போசன் அண்ணன் கப்பலிலிருந்து விடுப்பில் இறங்கினார். சான்றிதழை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல இன்டோஸ் நம்பர் எங்கடா?" என்று தம்பியைக் கேட்டார். அவன் முழித்தான். ஒவ்வொரு இந்தியக் கடலோடிக்கும் டிஜி ஷிப்பிங் தரும் அடையாள எண் அது. எண்ணும் எழுத்துமாக எட்டு இடம் இருக்கும், அது இல்லாமல் சிடிசி எடுக்க முடியாது. சிடிசி என்பது கடலோடியின் பதிவுப் புத்தகம், பாஸ்போர்ட் மாதிரி, அது இல்லாமல் கப்பல் வேலையே கிடையாது. இவனிடம் இரண்டும் இல்லை. சிடிசியை "நாங்களே எடுத்துத் தருவோம்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். டிஜி ஷிப்பிங் தளத்தில் அங்கீகாரம் பெற்ற நிலையங்களின் பட்டியல் இருக்கிறது, அதிலும் அந்த லாட்ஜைக் காணோம்.

ஆஃபர் லெட்டரில் இருந்த லைசன்ஸ் எண் மட்டும் உண்மை. ஆனால் அது மும்பையில் இருக்கும் வேறு ஒரு கம்பெனியுடையது. அவர்கள் போன் எண்ணை லெட்டரிலிருந்து எடுக்காமல் அரசுத் தளத்திலிருந்து எடுத்துப் பேசினேன். "நாங்கள் இப்படி லெட்டரே கொடுக்கவில்லை, எங்கள் எண்ணை யாரோ போட்டுக்கொள்கிறார்கள்" என்றார்கள்.

அதற்கப்புறம் அண்ணன் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. பயிற்சிக்குக் கட்டணம் வாங்கலாம். வேலை வாங்கித் தருவதற்கு ஒரு பைசா வாங்கக் கூடாது. எம்எல்சி 2006 என்ற சர்வதேச ஒப்பந்தம் அப்படிச் சொல்கிறது, இந்தியா 2015இல் அதை ஏற்றுக்கொண்டது. மெடிக்கல், சிடிசி, பாஸ்போர்ட் செலவு நம்முடையது. விசா செலவுகூடக் கப்பல் முதலாளியுடையது. இந்தக் கும்பல் என்ன செய்கிறது என்றால், வாங்கக்கூடிய பணத்தையும் வாங்கவே கூடாத பணத்தையும் ஒரே பேக்கேஜ் என்று கட்டித் தந்துவிடுகிறது. பில்லில் எது எது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் 3,40,000இல் 2,00,000, கேட்டாலே குற்றமாகும் பணம்.

போய்க் கேட்டோம். கேப்டன் அப்போதும் யூனிஃபார்மில்தான் இருந்தார். "யாரும்மா உங்களுக்கு இதையெல்லாம் சொல்றது? அரைகுறையா தெரிஞ்சவங்க பேச்சைக் கேட்டுப் பையன் எதிர்காலத்தைக் கெடுக்காதீங்க" என்றார். போசன் அண்ணன் பின்னால் நின்றுகொண்டிருந்தார், "நீங்க எந்தக் கப்பல்ல சார் கேப்டனா இருந்தீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆள் பதிலே சொல்லாமல் செக் புத்தகத்தை எடுத்தார். 3,40,000க்கு செக். வங்கியில் போட்டால் பணம் இல்லை என்று திரும்பி வந்தது. வேறென்ன வரும்.

ஸ்டேஷனில் முதலில் "இது கொடுக்கல் வாங்கல், சிவில் மேட்டர்மா" என்றார்கள். வேலை தருவதாக ஏமாற்றியது எப்படி சிவில் ஆகும்? மோசடிக்கான பழைய 420 இப்போது புதிய குற்றவியல் சட்டமான பிஎன்எஸ்ஸில் 318, அவ்வளவுதான் மாற்றம். வக்கீல் எழுதித் தந்த பிறகு மனுவை வாங்கி, வாங்கியதற்கு அடையாளமாக சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். எஃப்ஐஆர் இன்னும் இல்லை. அதற்குள் அங்கே "டு லெட்".

என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதுவதாகத்தான் நினைத்தேன். இப்போது பொறுமை இல்லை, வேகமாகச் சொல்கிறேன். ஜிபி ரேட்டிங் 6 மாதம், "ஆறு வாரம் ஃபாஸ்ட் டிராக்" என்று எவனாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே நிலையத்தின் பெயரை டிஜி ஷிப்பிங் பட்டியலில் பாருங்கள். ஆள் எடுக்கும் கம்பெனிக்கு ஆர்பிஎஸ்எல் (கப்பலுக்கு ஆள் எடுக்க டிஜி ஷிப்பிங் தரும்) லைசன்ஸ் வேண்டும், எண் இருந்தால் மட்டும் போதாது, தளத்தில் இருக்கும் போன் எண்ணில் கூப்பிட்டு லெட்டர் அவர்களுடையதா என்று கேளுங்கள். விசிட் விசாவில் கப்பல் ஏற அனுப்பவே அனுப்பாதீர்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் அங்கேயே முடிந்தது. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் அன்றே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள், தாமதித்தால் பணம் கை மாறிவிடும். செக் திரும்பினால் வங்கி மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும்.

அந்த லாட்ஜில் தம்பியோடு இருந்த பையன்கள் நிறைய பேர், பெரும்பாலும் தென் மாவட்டத்துக்காரர்கள். சிலர் வீட்டில் இன்னும் கப்பல் வரும் என்றே காத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவரிடம் அந்த 60,000மும் வாங்கிவிட்டார்களாம். உங்கள் பிள்ளை அங்கே இருந்திருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், தனித்தனியாகக் கொடுக்காமல் சேர்ந்து புகார் கொடுக்கலாம். நாளை காலை வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், பிரிண்ட் எடுக்கக் கடை மூடுவதற்குள் ஓட வேண்டும். கமெண்டில் "இவ்வளவு படிச்சும் ஏமாந்தீங்களா" என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன், பிளாக்தான்.