சீனம் படிக்க: பட்டப்படிப்பா, விருப்பப்பாடமா, செயலியா?

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கையோடு சீனத்தை அரிச்சுவடியிலிருந்து தொடங்க நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. சீனத்தையே பட்டப்படிப்பாக எடுக்கலாம். வேறொன்றை முதன்மைப் பாடமாக வைத்துக்கொண்டு சீனத்தை விருப்பப்பாடமாகப் படிக்கலாம். வகுப்பே வேண்டாம், கைப்பேசிச் செயலி போதும் என்றும் இருந்துவிடலாம். (அரிச்சுவடி என்று சொல்லிவிட்டேன், அந்த மொழியில் அப்படி ஒன்று கிடையாது என்பதுதான் முதல் அதிர்ச்சி.) நான் விருப்பப்பாடமாக எடுத்து, செயலியைத் துணைக்கு வைத்துக்கொண்டவன். அந்தச் சாய்வு கீழே தெரியத்தான் செய்யும்.

முதலில் மணிக்கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தருகிறது. ஆங்கிலம் பேசுகிற ஒருவர் சீனத்தில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற 88 வாரம், அதாவது 2,200 வகுப்பு மணி ஆகும் என்பது அவர்கள் கணக்கு. ஸ்பானிய மொழிக்கு ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். இப்போது விருப்பப்பாடத்தைப் பாருங்கள். வாரம் 3 மணி, பருவத்துக்கு 15 வாரம் என்றால் 45 மணி. எட்டுப் பருவமும் விடாமல் எடுத்தாலும் 360தான். பட்டப்படிப்பில் வாரம் 10 மணி, ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்தால் அந்த 360ஐ இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே தாண்டிவிடுவார்கள். ஆக, சீனத்தைக் கொண்டு பிழைக்கப்போகிறவர் விருப்பப்பாடத்தை நம்பக் கூடாது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் முதல் பத்து வாரத்தில் வேலையே வேறு. அப்போது பழக வேண்டியது காதும் நாக்கும். நாம் சீனம் என்று படிக்கிற பொதுமொழியான மாண்டரினில் நான்கு தொனிகள் (குரலின் ஏற்ற இறக்கங்கள்), அப்புறம் தொனியில்லாத மெல்லிய அசை ஒன்று. 'மாய்' என்பதைத் தாழ்த்திச் சொன்னால் வாங்குவது. மேலிருந்து வெட்டிச் சொன்னால் விற்பது. இரண்டாம் வாரத்தில் "நான் புத்தகம் வாங்குகிறேன்" என்ற வாக்கியத்தைச் செயலியிடம் சொன்னேன். பச்சை டிக் போட்டுவிட்டது. அதே வாக்கியத்தை அதே தெம்போடு மறுநாள் வகுப்பில் சொன்னதும் ஆசிரியர், "அப்படியா, என்ன விலைக்குக் கொடுப்பீர்கள்?" என்றார். செயலி சொல்லை ஊகித்துக்கொண்டது, தொனியைக் கண்டுகொள்ளவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே செயலி மட்டும் போதும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. தப்புத் தொனி நாக்கில் ஊறிவிட்டால் பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

இன்னொரு சிக்கல் பின்யின். சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுத 1958இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. எழுத்து பழகியது என்பதால் ஒலியும் பழகியது என்று நினைத்துவிடுகிறோம். ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தைப் பின்யினில் பார்த்ததும் 'தம்பி' என்பதில் வருகிற அதிர்வொலியைக் கொடுப்போம். சீனர் சொல்வதோ நம் 'பல்'லில் வரும் ப. பதினாறாம் எழுத்துக்கு அதே ப-வைக் காற்றோடு தள்ள வேண்டும். (தமிழில் இரண்டு எழுத்துக்கும் பெயர் 'பி'தான், அதனால் இப்படிச் சுற்றி வளைக்கிறேன்.) வாய்க்கு முன்னால் காகிதத் துண்டு ஒன்றைப் பிடிக்கச் சொல்வார்கள். முதல் ஒலிக்குக் காகிதம் சும்மா இருக்க வேண்டும், இரண்டாவதற்கு ஆட வேண்டும். 'மனிதன்' என்பதற்கான சீனச் சொல்லில் மற்றவர்கள் திணறுகிற முதல் ஒலி நமக்குக் கிட்டத்தட்ட இலவசம்: 'ழ' சொல்ல வருகிற நாக்குக்கு அது பக்கத்து வீடு. இதையெல்லாம் ஒருவர் எதிரே நின்று திருத்தினால் பத்து நிமிட வேலை.

எழுத்தில் நிலைமை தலைகீழ். எந்த எழுத்தை இன்று மறந்துபோவோம் என்று நாள் பார்த்துத் திருப்பிக் காட்டுகிற அட்டைச் செயலிக்கு எந்த ஆசிரியரும் ஈடாக மாட்டார். சீனத் திறனை அளக்கிற ஹெச்.எஸ்.கே. தேர்வின் பழைய ஆறு நிலை முறையில் முதல் நிலைக்கு 150 சொல் போதும், நான்காம் நிலைக்கு 1,200. அதை வகுப்பு நேரத்தில் உருப்போட முடியாது. பட்டப்படிப்பில் சொல்வதெழுதல் வைத்துக் கையால் எழுத வைக்கிறார்கள். விருப்பப்பாடத்தில் பெரும்பாலும் தட்டச்சோடு விட்டுவிடுகிறார்கள். சீனர்களே பேனாவை எடுத்ததும் எழுத்து மறந்துபோகிறது என்று புலம்புகிற காலம் இது. அதற்காக ஆயிரக்கணக்கில் எழுதிப் பழகச் சொல்ல மாட்டேன். முதல் இருநூறையாவது கையால் எழுதுங்கள், ஓர் எழுத்து எந்தெந்த உறுப்புகளால் ஆனது என்பது கண்ணில் படத் தொடங்கும். 'வாங்கு' எழுத்தின் தலையில் ஒரு கூட்டல் குறி வைத்தால் 'வில்'. திரையில் நூறு முறை பார்த்தும் தெரியாத இந்தச் சங்கதி, நோட்டில் நாலாவது முறை எழுதும்போது பிடிபட்டது.

சேரும் முன் துறையில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: வீட்டிலோ பள்ளியிலோ சீனம் பழகியவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா? இல்லையென்றால் 'தொடக்கநிலை' என்ற பெயரில் பாதிப் பேர் கதை பேசிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் வணக்கம் சொல்லத் திணறுவீர்கள். மதிப்பெண்ணும் அவர்களோடு ஒப்பிட்டுத்தான் வரும். வெற்றி தோல்வி மட்டும் பதிவாகிற முறையில் எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டில் ஓராண்டு படிப்பது பல பட்டப்படிப்புகளில் சேர்ந்தே வரும். பெய்ஜிங் போனால் கோடுகளைக் குறைத்து எளிமையாக்கிய எழுத்து, தைவானின் தைபே போனால் பழைய மரபெழுத்து. முதல் ஆண்டில் எதைப் படித்தாலும் சரி, பிறகு மாறிக்கொள்ளலாம்.

நான் இப்போது தொடங்கினால் முதல் பருவத்தில் விருப்பப்பாடம் எடுப்பேன், செயலியில் எழுத்துகளை மட்டும் பார்ப்பேன். பாடம் மாற்றக் கடைசித் தேதி நெருங்கும்போது, தேர்வு இல்லாத வாரத்திலும் நோட்டை எடுத்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போடுவேன்.