விகிதக் கவராயம்: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

புகைப்படம் பார்த்து முகம் வரைகிறவள் நான். ஆறு மாதமாக என் மேசையில் அளவுகோலின் வேலையைச் செய்வது விகிதக் கவராயம். கடையில் ப்ரொபோர்ஷனல் டிவைடர் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். இரண்டு பித்தளைக் கால்கள், நடுவில் நகர்த்தி முறுக்கும் ஒரு திருகு. கத்தரிக்கோல் மாதிரி விரியும், ஆனால் இரண்டு பக்கமும் கூர்முனை.

என்னுடையது முனைக்கு முனை 20 செ.மீ. காலை மூடி, திருகை 5 செ.மீ.யில் நிறுத்தி முறுக்கினால் மறுபக்கம் 15. சின்னப் பக்கத்தில் எதைப் பிடித்தாலும் பெரிய பக்கம் அதன் மூன்று மடங்கைக் காட்டும். கண் 9 மி.மீ. என்றால் 27, முகம் 45 என்றால் 135. எவ்வளவு விரித்தாலும் அந்த மூன்று மாறாது. வடிவொத்த முக்கோணங்களைப் பற்றி யூக்ளிட் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்தது இங்கே விரலுக்கடியில் நடக்கிறது.

ஒன்று கூடினால் மற்றதும் கூடும், அதுதான் நேர்விகிதம் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. அண்ணன் மகள் ஒரு முகத்தைப் பெரிதாக்க முயன்றாள். "அத்தை, எல்லா அளவிலயும் 2 சென்டிமீட்டர் கூட்டிட்டேன்" என்றாள். கண் 3 செ.மீ., 5 ஆனது. முகம் 15, 17 ஆனது. முகத்தில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த கண், மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிட்டது. எல்லாமே கூடியிருந்தது, ஆள் மட்டும் மாறிப்போனார். கவராயத்தைக் கையில் கொடுத்தேன். நாலு அளவு எடுத்ததும், "கூட்டக் கூடாது, பெருக்கணும்" என்று அவளே சொன்னாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, குறைக்கு வருகிறேன். காலில் பொறித்திருக்கும் இரண்டு மடங்குக் கோட்டில் திருகை வைத்துச் சோதித்தேன். 10 மி.மீ.க்கு 20.4, 25க்கு 51, 50க்கு 102 வந்தது. அதாவது 2.04 மடங்கு. கோடு ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகத் தள்ளி விழுந்திருக்கிறது. விற்கும் பொருளில் இது கவனக்குறைவுதான், நான் சரியான இடத்தில் ஊசியால் கீறிக்கொண்டேன். ஆனால் கீறுவதற்கு முன் வரைந்த முகங்கள் எதுவும் கெடவில்லை. எல்லா அளவும் ஒரே 2.04 மடங்கு என்பதால் படம் கொஞ்சம் பெரிதாக வந்ததே தவிர, சாயல் அப்படியே இருந்தது.

பரப்புக்கென்று தனிக் கோடுகள் உண்டு. நீளத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். பரப்பு மட்டும் இரட்டிக்க வேண்டுமானால் 1.41 மடங்கு போதும். இது தெரியாமல்தான் பெரிய படத்துக்கு இரண்டு மடங்கு நேரம் என்று பேசி மாட்டிக்கொள்கிறார்கள். நிழல் தீட்ட நான்கு மடங்கு ஆகும்.

அப்புறம், முனை மழுங்கினால் ஒன்றை மட்டும் தேய்த்துக் கூராக்காதீர்கள். காலின் நீளம் குறையும், விகிதமும் மாறும். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் எல்லாக் கோடுகளையும் மறுபடி சோதியுங்கள்.